ஜன்னல் கம்பிக்குள் ஒரு தோட்டம்



கோடை விடுமுறைக்கு ஊருக்குச் சென்று மும்பைக்குத் திரும்பிய நாளை ஒரு நிமிடம் நினைத்துப் பாருங்கள். பெட்டியில் முறுக்கு டப்பா, கருப்பட்டி, புளி, மிளகாய்ப் பொடி எல்லாம் இருந்தன. அவற்றுக்கு மேலே, நசுங்கிவிடாதபடி, ஈரத்துணியில் சுற்றிய நாலைந்து ரோஜாக் குச்சிகளும் இருந்தன. அம்மா தன் முற்றத்துச் செடியிலிருந்து ஒடித்துத் தந்தவை அவை. வழியிலே பெரிய நிலையங்களில் ரயில் நின்றபோதெல்லாம் அந்தத் துணியை நனைத்து நனைத்துக் கொண்டுவந்து சேர்த்தீர்கள். வீட்டில் கிடந்த பெயிண்ட் டப்பாவில் மண்ணை நிரப்பி ஊன்றினீர்கள். இரண்டு வாரத்தில் சிவந்த தளிர் வந்தது. வீட்டிலுள்ள எல்லாரும் கூடி நின்று பார்த்தார்கள்.

பின்பு ஜூன் மாத மழை தொடங்கியது. இலைகளில் கறுப்புப் புள்ளிகள் தோன்றின; இலைகள் மஞ்சளாகி உதிர்ந்தன; தண்டு நுனியிலிருந்து கீழ்நோக்கிக் கருகியது. ஆகஸ்டு மாதத்தில் அந்த டப்பாவை வெளியே எடுத்து வைத்தபோது, "நம்மூர்ச் செடி பம்பாயில் வராது" என்று யாரோ சொன்னார்கள். எல்லாரும் ஆமோதித்தார்கள்.

செடியைப் பற்றிச் சொல்லப்பட்ட வார்த்தைதான் அது. ஆனால் பிழைப்புக்காக ஊரை விட்டு வந்தவர்கள் வீட்டில் அந்த வார்த்தை செடியோடு நின்றுவிடுவதில்லை. நம்முடையது எதுவும் இங்கே வேர்பிடிக்காது என்ற எண்ணமாக அது பிள்ளைகளின் மனதிலும் பதிந்துவிடுகின்றது. ஆகவே அந்த ரோஜா ஏன் இறந்தது என்பதைச் சற்று விசாரித்து அறிவது நல்லது. உண்மை என்னவென்றால், மும்பையில் ரோஜா நன்றாகவே வரும். அந்தச் செடிக்குப் போதிய வெயில் கிடைக்கவில்லை. டப்பாவின் அடியில் துவாரம் இல்லை. நட்ட காலமும் தவறு. இம்மூன்றையும் திருத்திக்கொண்டால் பத்தடிக்குப் பத்தடி அறையில் வாழும் குடும்பமும் பூவைக் காணலாம்.

முதலில் வெயிலை அளந்து பாருங்கள்

ஊரில் நாம் செடி வாங்கியபின் அதற்கு இடம் தேடினோம். நகரத்தில் இதை மாற்றிச் செய்ய வேண்டும். நம்மிடம் இருக்கும் இடத்தில் எத்தனை மணி நேரம் வெயில் விழுகின்றது என்று கண்டபின்பே செடியைத் தெரிந்துகொள்ள வேண்டும். ரோஜாவுக்கு நாளொன்றுக்கு 5 முதல் 6 மணி நேரம் நேரடி வெயில் அவசியம். "நல்ல வெளிச்சம் இருக்கிறது" என்பது போதாது. செடியின் நிழல் தரையில் தெளிவாக விழுகின்ற வெயில் வேண்டும்.

ஒரு விடுமுறை நாளில் பிள்ளைகளிடம் சுண்ணாம்புக் கட்டியைக் கொடுங்கள். காலை 7 மணி முதல் மாலை 6 மணி வரை, மணிக்கு ஒரு முறை, ஜன்னலிலோ கூரையிலோ வெயில் எங்கே விழுகின்றது என்று கோடு போடச் சொல்லுங்கள். மாலையில் உங்கள் தோட்டத்தின் வரைபடம் ஆயத்தமாகிவிடும்.

இதிலே கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. மும்பையில் மே மாத நடுவிலிருந்து ஜூலைக் கடைசி வரை நண்பகல் சூரியன் சற்று வடக்கே சாய்ந்திருக்கும். அக்டோபர் முதல் பிப்ரவரி வரை அது நன்றாகத் தெற்கே சாய்ந்து செல்லும். ரோஜா மிகுதியாகப் பூப்பது இந்தக் குளிர்காலத்தில்தான். எனவே கிழக்கு அல்லது தெற்கு பார்த்த ஜன்னல் ரோஜாவுக்கு ஏற்றது. மேற்கு ஜன்னலும் உதவும். ஆனால் ஏப்ரல், மே மாதங்களின் பிற்பகல் வெயிலுக்கு ஒரு மறைப்புத் தேவை. வடக்கு ஜன்னலில் மே மாதம் வெயிலைப் பார்த்துவிட்டு ரோஜா வைத்தவர்கள், டிசம்பரில் அங்கே நிழல் மட்டும் இருப்பதைக் கண்டு ஏமாறுவார்கள்.

மூன்று பகுதிகள், மூன்று விதமான வெயில்

நம் மக்கள் மிகுதியாக வாழும் மூன்று பகுதிகளை எடுத்துக்கொள்வோம்.

தாராவியின் சந்துகளில் தரைமட்டத்தில் வெயில் விழுவதே அரிது. வெயில் முழுவதும் மேலே, தகரக் கூரையிலும் சிமெண்ட் ஷீட்டிலும் விழுகின்றது. கூரை மேல் தொட்டி வைப்பதாயின் இரண்டு ஆபத்துகளை நினைவில் கொள்ளுங்கள். ஒன்று பாரம். 12 அங்குலத் தொட்டியில் சாதாரண மண்ணை நிரப்பி நீர் ஊற்றினால் 20 கிலோவுக்கு மேல் வரும். ஷீட்டின் நடுவே அதை வைக்கலாகாது. சுவரின் மேலோ, இரும்புச் சட்டத்தின் மேலோ பாரம் இறங்குமாறு வைக்க வேண்டும். மற்றொன்று சூடு. கோடையில் தகரத்தின் சூடு தொட்டி வழியாக வேரைச் சுடும். அடியில் இரண்டு செங்கல்களோ மரப்பலகையோ வைத்துத் தொட்டியை உயர்த்தினால் காற்று புகுந்து வேர் தப்பும். தொட்டிக்காக வெகுதூரம் போகவும் தேவையில்லை. தொண்ணூறு அடிச் சாலையை ஒட்டிய கும்பார்வாடாவில், குஜராத்திலிருந்து வந்து தலைமுறைகளாக அங்கே வாழும் குயவர்கள் மண்தொட்டிகள் செய்கின்றார்கள்.

மாட்டுங்காவின் பழைய கட்டடங்களில் பால்கனி உண்டு. ஆனால் தெருவோர மரங்கள் மூன்றாம் மாடி வரை நிழல் தருகின்றன. அந்த நிழல் மனிதருக்கு ஆசீர்வாதம்; ரோஜாவுக்குத் தடை. அங்கே கீழ்மாடியில் வசிப்பவர்கள் ரோஜாவை விட்டுவிட்டு, பின்னால் சொல்லப்போகும் நிழல் தாங்கும் பூக்களைத் தெரிந்துகொள்வதே ஞானம்.

செம்பூரில் பழைய வீட்டுவசதிக் குடியிருப்புகளும் உண்டு. குடிசை மாற்றுத் திட்டத்தின் உயர்ந்த கட்டடங்களும் உண்டு. எதிரே மற்றொரு கட்டடம் இல்லையென்றால் மேல்மாடி ஜன்னலுக்கு அரைநாள் வெயில் கிடைக்கும். அங்கே சத்துரு காற்று. 10-ஆம் மாடிக்கு மேல் காற்று இலையின் ஈரத்தை உறிஞ்சிவிடும். தொட்டி கீழே இருப்பதைவிட விரைவில் காயும். தொழிற்சாலைகள் நிறைந்த பகுதியாகையால் இலைகளில் தூசியும் படியும். வாரம் ஒரு முறை காலையில் இலைகளைத் தண்ணீர் தெளித்துக் கழுவுங்கள். வெயில் ஏறுமுன் அவை உலர்ந்துவிட வேண்டும்.

மண்ணை உண்டாக்க வேண்டும்

"மண்ணுக்கு எங்கே போவது?" என்பது அடுத்த கேள்வி. தாராவியை அடுத்து, மித்தி நதிக்கரையில் இருக்கும் மகாராஷ்டிரா இயற்கைப் பூங்காவை நீங்கள் வெளியிலிருந்தாவது பார்த்திருப்பீர்கள். ஏறக்குறைய 37 ஏக்கர் பரப்புள்ள அந்த இடம் ஒரு காலத்தில் நகரத்தின் குப்பைமேடு. 1980-களில் அந்தக் குப்பையின்மேல் மண்ணிட்டு மரக்கன்றுகளை நட்டார்கள். 1994-இல் பூங்கா திறக்கப்பட்டது. இன்று அங்கே வண்ணத்துப்பூச்சிகளையும் பறவைகளையும் காண மாணவர்கள் வருகின்றார்கள். குப்பையின்மேல் காடு வளரும் என்றால், ஒரு தொட்டிக்கு வேண்டிய மண்ணை உண்டாக்குவது கடினமா?

இதே நகரத்தில் இன்னும் எளிய சான்றுகள் உண்டு. பாந்திராவில் டாக்டர் ஆர். டி. தோஷி என்பவர், கரும்புச் சாறு பிழிந்தபின் எறியப்படும் சக்கையைத் தொட்டிகளில் நிரப்பி, மேலே மட்கிய உரமும் சிறிதளவு மண்ணும் இட்டு மாடித்தோட்டம் வளர்த்துக் காட்டினார். பின்பு 2000-களின் தொடக்கத்தில் மும்பைத் துறைமுகக் கழகத்தின் மத்திய சமையற்கூடத்தில் பணியாற்றிய பிரீத்தி பாட்டீல், அந்தச் சமையற்கூடத்தின் கழிவுகளையே மண்ணாக்கி, மொட்டை மாடியில் பழமரங்களும் காய்கறிகளும் செழிக்கச் செய்தார். கரும்புச் சாறு விற்கும் கடை மும்பையில் எந்தத் தெருவில் இல்லை? அந்தச் சக்கையைக் கேட்டால் மகிழ்ச்சியோடு கொடுத்துவிடுவார்கள். இனிப்பு இருக்கும்வரை எறும்பு வரும். ஆகவே நன்கு அலசி, வெயிலில் உலர்த்தி, நறுக்கிப் பயன்படுத்துங்கள். அது பாரத்தையும் குறைக்கும்.

ரோஜாவுக்கு ஒரு எளிய கலவை: செம்மண் ஒரு பங்கு, நன்கு மட்கிய தொழு உரம் அல்லது மண்புழு உரம் ஒரு பங்கு, தென்னை நார்க்கழிவும் ஆற்றுமணலும் சேர்ந்து ஒரு பங்கு. இதனோடு தொட்டி ஒன்றுக்கு ஒரு கைப்பிடி வேப்பம் பிண்ணாக்குத் தூளைச் சேருங்கள். கடற்கரை மணலை மட்டும் எடுக்காதீர்கள். அதிலுள்ள உப்பு வேரைக் கெடுக்கும். தொட்டி 12 அங்குல ஆழமாவது இருக்கட்டும். அடியில் நான்கைந்து துவாரங்கள் இருக்க வேண்டும். அவற்றின்மேல் ஓட்டுத் துண்டுகளைக் கவிழ்த்து வைத்தால் மண் அடைத்துக்கொள்ளாது. பெயிண்ட் டப்பாவோ எண்ணெய் டின்னோ ஆனாலும் குற்றமில்லை. துவாரம் மட்டும் அவசியம். துவாரமில்லாத டப்பாவில் செடி வைப்பது, அன்போடு அதை மூழ்கடிப்பதற்குச் சமம்.

எந்த ரோஜா?

நம் இந்திய வேளாண் ஆராய்ச்சிக் கழகத்தின் முதல் தலைமை இயக்குநராயிருந்த டாக்டர் பி. பி. பால் கோதுமை ஆராய்ச்சிக்குப் புகழ்பெற்றவர். ரோஜாவிலும் அவருக்குப் பெரும் ஈடுபாடு. நம் நாட்டின் தட்பவெப்பத்திற்கு ஏற்ற பல ரகங்களை அவர் உருவாக்கினார். 'டெல்லி பிரின்சஸ்' அவற்றில் ஒன்று. அவர் செய்த வேலை நமக்கு ஒரு பாடத்தைக் கற்பிக்கின்றது: இடத்திற்கேற்ற ரகம் வேண்டும். 1995-இல் தொடங்கப்பட்டு, 2006-இல் உலக ரோஜா சங்கங்களின் கூட்டமைப்பிடம் தெற்காசியாவுக்கான சிறந்த தோட்ட விருது பெற்ற ஊட்டி ரோஜாத் தோட்டத்தில் நாம் கண்டு வியந்த பெரிய பூக்கள், குளிர்ந்த மலைக்காற்றில் மலர்ந்தவை. அதே அளவை மும்பையின் புழுக்கத்தில் எதிர்பார்த்து மனம் சோரவேண்டாம்.

முதன்முறையாக வளர்ப்பவர்களுக்குப் பன்னீர் ரோஜாவும், கொத்தாகப் பூக்கும் சிறு ரோஜாக்களும் ஏற்றவை. பன்னீர் ரோஜாவைக் குச்சியிலிருந்தே உண்டாக்கலாம். அதன் வாசனைக்கு நிகராகக் கடை ரோஜாக்களில் பல வரமாட்டா. பெரிய பூ வேண்டுமென்றால் நர்சரியில் ஒட்டுச் செடி வாங்குங்கள். வாங்கும்போது மலர்ந்த பூவைப் பார்த்து மயங்காமல், தடித்த மூன்று தண்டுகளும் புதுத் தளிரும் உள்ளதா என்று பாருங்கள்.

இவ்வகைச் செடிகள் பெரும்பாலும் இறுகிய களிமண் உருண்டையோடு வரும். அதை அப்படியே தொட்டியில் வைத்தால், சுற்றிலும் உள்ள மண் நனைந்திருக்க, உருண்டையின் உள்ளே நீர் புகாமல் செடி வாடும். உருண்டையைச் சிறிது நேரம் தண்ணீரில் வைத்து, வெளிப்புறக் களிமண்ணை மெல்லக் கரைத்துவிட்டு, நடுவேர் அறுந்துவிடாமல் நடுங்கள். ஒட்டுப் போட்ட முடிச்சு மண்ணுக்கு மேலே தெரியட்டும்.

அந்த முடிச்சு மிக முக்கியம். "செடி கொடியைப்போலச் செழித்து வளர்கிறது, ஆனால் இரண்டு வருடமாகப் பூவே இல்லை" என்று சிலர் வருந்துவதுண்டு. காரணம் என்னவென்றால், ஒட்டுச் செடியின் கீழ்ப்பாகம் காட்டு ரோஜா. மேற்பாகம்தான் நாம் விரும்பி வாங்கிய ரோஜா. முடிச்சுக்குக் கீழேயிருந்து கிளம்பும் கிளை காட்டு ரோஜாவின் கிளை. அதை விட்டுவைத்தால் சத்தையெல்லாம் அதுவே இழுத்துக்கொண்டு, மேலே உள்ள நல்ல ரோஜாவைச் சாகடித்துவிடும். முடிச்சுக்குக் கீழே வரும் தளிரைக் கண்டவுடன் அடியோடு கிள்ளி எறியுங்கள்.

ஆண்டு முழுவதும் செய்ய வேண்டியவை

மும்பையில் ஆண்டுக்குச் சராசரியாக 2,200 மில்லிமீட்டருக்கு மேல் மழை பெய்கின்றது; அதில் பெரும்பகுதி ஜூன் முதல் செப்டம்பர் வரையான நான்கே மாதங்களில் கொட்டிவிடுகின்றது. 2005 ஜூலை 26 அன்று சாந்தாகுரூஸில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் பெய்ததை நம்மில் மூத்தவர்கள் மறந்திருக்கமாட்டார்கள். தூத்துக்குடியில் ஓர் ஆண்டு முழுவதும் பெய்யும் மழையைவிட அது அதிகம். வறண்ட பூமியிலிருந்து வந்த நம் கை தண்ணீர் ஊற்றவே பழகியது. இங்கே மழைக்காலத்தில் தண்ணீரை வடிக்கப் பழக வேண்டும்.

ஜூன் முதல் செப்டம்பர் வரை ரோஜாத் தொட்டிகளைக் கூரையின் இறவாரத்தின் கீழோ, நேரடி மழை படாத ஜன்னலின் உட்புறமோ நகர்த்துங்கள். உரம் இடாதீர்கள், கவாத்தும் செய்யாதீர்கள். கறுப்புப் புள்ளி விழுந்த இலைகளைப் பறித்து வெளியே எறியுங்கள். அவற்றைத் தொட்டியிலேயே விட்டால் நோய் திரும்பி வரும். இக்காலத்தில் செடி பூக்கவில்லை என்று கலங்க வேண்டாம். உயிரோடு இருந்தால் போதும்.

மழை ஓய்ந்தபின், அக்டோபர் நடுவிலிருந்து நவம்பர் முதல் வாரத்திற்குள், கவாத்து செய்யுங்கள். காய்ந்தவை, நோயுற்றவை, ஒன்றோடொன்று உரசுபவை ஆகிய கிளைகளை முதலில் நீக்குங்கள். மீதியுள்ள நல்ல கிளைகள் மூன்று முதல் ஐந்தை, ஏறக்குறையப் பாதி உயரத்திற்கு வெட்டுங்கள். வெளிப்புறம் நோக்கிய கணுவுக்குக் கால் அங்குலம் மேலே, சாய்வாக, கூர்மையான கத்தரியால் ஒரே வெட்டாக வெட்ட வேண்டும். பின்பு மேல்மண்ணைக் கிளறி, புதிய தொழு உரம் இட்டு, நீர் ஊற்றுங்கள். ஆறு முதல் எட்டு வாரத்தில் முதற்பூக்கள் மலரும். நவம்பர் முதல் வாரத்தில் கவாத்து செய்தவர் வீட்டில் கிறிஸ்துமஸ் சமயத்தில் ரோஜா இருக்கும். செடியை வெட்ட மனம் வராமல் அப்படியே விட்டவர் வீட்டில் உயர்ந்த தண்டும் நுனியில் ஒரு சிறு பூவும் மட்டும் இருக்கும்.

அக்டோபர் முதல் மார்ச் வரை மாதம் ஒரு முறை உரம் கொடுங்கள். வீட்டிலேயே மட்கவைத்த காய்கறிக் கழிவு சிறந்தது. தேயிலைச் சக்கையை இடுவதாயின் சர்க்கரையும் பாலும் போக நன்கு கழுவி உலர்த்தி இடுங்கள். கடை உரம் வேண்டுவோர், நம் செம்பூரில் இயங்கும் ராஷ்டிரிய இரசாயன உரத் தொழிற்சாலையின் 'சுபலா' 15:15:15 போன்ற கலப்பு உரத்தை ஒரு சிறு தேக்கரண்டி அளவு, தண்டைத் தொடாமல், ஈரமான மண்ணில் ஓரமாக இடலாம். ஒரு கரண்டி நன்மை செய்தால் மூன்று கரண்டி மும்மடங்கு நன்மை செய்யும் என்று எண்ணாதீர்கள், வேர் கருகிவிடும். நம் தாய்மார் ரோஜாவுக்கு மீன் கழுவிய நீரை ஊற்றுவார்கள். அது சத்துள்ளதே. ஆனால் உப்பிட்டுக் கழுவிய நீர் ஆகாது. நெருக்கமான சந்துகளில் அந்த வாடைக்கு எலியும் பூனையும் வரும். ஆகவே அரிசி களைந்த நீரே இங்கே ஏற்றது. குழாயில் குறித்த நேரம் மட்டும் தண்ணீர் வரும் வீட்டில் அது தண்ணீரைச் சேமிக்கவும் உதவும்.

தண்ணீர் ஊற்றுமுன் விரலை ஒரு அங்குலம் மண்ணில் விட்டுப் பாருங்கள். ஈரமிருந்தால் அன்றைக்கு வேண்டாம். காய்ந்திருந்தால், அடித் துவாரத்தில் நீர் வடியும்வரை ஊற்றுங்கள்.

தளிரில் அசுவினியோ மாவுப்பூச்சியோ கண்டால், ஒரு லிட்டர் நீரில் 5 மில்லி வேப்பெண்ணெயும் சில துளி சோப்புக் கரைசலும் கலந்து, மாலையில் இலையின் இருபுறமும் தெளியுங்கள். வாரம் ஒன்றாக மூன்று முறை செய்தால் பெரும்பாலும் அடங்கிவிடும். பூ வாடியவுடன், அதற்குக் கீழே ஐந்து சிற்றிலைகள் உள்ள முதல் இலைக்கு மேலே வெட்டிவிடுங்கள். அடுத்த மொட்டு விரைவில் வரும்.

வெயில் குறைந்த வீட்டிற்கும் பூக்கள் உண்டு

உங்கள் சுண்ணாம்புக் கோடு ஆறு மணி நேரத்தைக் காட்டவில்லையா? துக்கப்பட வேண்டாம். மூன்று நான்கு மணி நேர வெயிலில் கனகாம்பரமும், இட்லிப்பூவும், சங்குப்பூவும் பூக்கும். காசித்தும்பை விதையை ஜூன் மாதத்தில் தூவினால், ரோஜா நோயுற்றிருக்கும் அதே மழைக்காலத்தில், ஏறக்குறைய இரண்டு மாதத்தில் வண்ணவண்ணமாக மலரும். அந்திமந்தாரை மாலை நாலு மணிக்கு மேல்தான் விரியும். காலை ரயிலைப் பிடித்து, இருட்டியபின் வீடு திரும்பும் உழைப்பாளிக்கு விழித்திருந்து காத்திருக்கும் பூ அது. வெளிச்சம் மட்டும் உண்டு, வெயில் இல்லை என்பவர்கள் பீகோனியாவை முயன்று பார்க்கலாம்.

நல்ல வெயிலிருந்தும் பாரம் தாங்காத கூரையுடையோர் டேபிள் ரோஸ் வளர்க்கலாம். பெயரில் ரோஜா இருந்தாலும் அது வேறு குடும்பம். நாலு அங்குல ஆழமுள்ள தட்டு போதும். ஒரு துண்டுத் தண்டை ஊன்றினால் போதும். வெயில் ஏற ஏற விரியும். குண்டுமல்லிக்கும் ரோஜாவைப் போலவே நிறைந்த வெயில் தேவை; குளிர்காலக் கடைசியில் கவாத்து செய்தால் கோடையில் வீடெல்லாம் மணக்கும். 2013-இல் புவிசார் குறியீடு பெற்ற மதுரை மல்லியின் இனம்தான் இதுவும்.

சாமந்தியைப் பற்றி ஒரு எச்சரிக்கை. இரவு நீண்டால்தான் அது மொட்டு வைக்கும். தெருவிளக்கோ பால்கனி டியூப் லைட்டோ இரவெல்லாம் அதன்மேல் விழுந்தால், பகல் முடியவில்லை என்று எண்ணி அது இலையை மட்டும் வளர்த்துக்கொண்டிருக்கும். இரவில் இருளான மூலையில் அதை வையுங்கள்.

உங்கள் செடியும் அயலாரும்

நெருக்கமான நகரத்தில் நம் தோட்டம் நமக்கு மட்டும் உரியதன்று. மேல்மாடித் தொட்டியின் சேற்றுநீர் கீழ்வீட்டார் உலர்த்திய துணியில் சொட்டினால், பூவின் அழகைப் பற்றி அவர்களிடம் பேச இயலாது. தொட்டியின் அடியில் தட்டு வையுங்கள். ஆனால் தட்டில் தேங்கிய நீரில்தான் டெங்கு பரப்பும் கொசு முட்டையிடுகின்றது. எட்டுப் பத்து நாட்களில் முட்டை கொசுவாகிவிடும். மாநகராட்சி ஊழியர்கள் வீடுகளில் பூந்தொட்டித் தட்டுகளைச் சோதிப்பது இதனாலேயே. வாரத்தில் ஒரு நாளைக் குறித்துக்கொண்டு தட்டுகளைக் கவிழ்த்துத் தேய்த்துக் கழுவுங்கள். மழைக்காலத்தில் தட்டையே எடுத்துவிடுங்கள்.

ஜன்னல் கிரில்லில் வைக்கும் தொட்டிகளைக் கம்பியால் கட்டுங்கள். கட்டாத தொட்டி காற்றில் விழுந்தால், கீழே நடந்து செல்பவரின் உயிருக்கே ஆபத்து. விளிம்பின்மேல் ஒரு தொட்டியும் வேண்டாம். தீ விபத்தின்போது வெளியேற வேண்டிய வழியையும் தொட்டிகளால் அடைக்காதீர்கள்.

யாருக்காக இந்தப் பூ?

நம் சபைகள் பலவற்றில் சகோதரிகள் தலையில் பூச்சூடுவதில்லை. மாட்டுங்கா நிலையத்தருகே நம் தமிழர் மல்லிகைச் சரம் தொடுக்கும் கடைகளையும், விடியுமுன்னே தாதரில் கூடும் பூச்சந்தையையும் கடந்துதான் நாம் வேலைக்குச் செல்கின்றோம். "நாம் சூடுவதுமில்லை, மாலை கட்டுவதுமில்லை, பின் செடி எதற்கு?" என்று பிள்ளைகள் கேட்கலாம். நல்ல கேள்வி. மலைப்பிரசங்கத்தில் ஆண்டவர் கவனிக்கச் சொன்ன புஷ்பங்கள் எவருடைய கூந்தலிலும் இருந்தவை அல்ல. வெளியிலே, தம் செடியிலே நின்றவை. கவனித்துப் பார்ப்பதற்காகவே ஒரு பூவை வளர்க்கலாம். நாற்பது நாள் காத்திருந்தால்தான் ஒரு மொட்டு விரியும் என்பதை, பொத்தானை அழுத்தினால் எல்லாம் கிடைக்கும் காலத்துப் பிள்ளைகள் வேறெங்கே கற்றுக்கொள்வார்கள்? மருத்துவமனையிலிருந்து திரும்பிய அயல்வீட்டாருக்கு, அவர் எந்த மொழி பேசுபவராயினும், உங்கள் ஜன்னலில் மலர்ந்த ஒரு ரோஜாவைக் கொண்டுபோய்க் கொடுத்துப் பாருங்கள். அதற்கு மொழிபெயர்ப்பு தேவைப்படாது.

கட்டடங்கள் இடிக்கப்பட்டு, குடும்பங்கள் புதிய இடங்களுக்கு மாறும் நகரம் இது. தொட்டியில் வளர்ந்த செடி நம்மோடு கூடவே வரும். புதிய வீட்டில் முதல் நாளே அதை ஜன்னலில் வைத்துவிட்டு, மறுநாள் மீண்டும் சுண்ணாம்புக் கட்டியை எடுங்கள். அந்த ஜன்னலின் வெயில் வேறாயிருக்கும்.

நவம்பரில் கவாத்து செய்யும்போது வெட்டிய பன்னீர் ரோஜாக் கிளைகளை எறிந்துவிடாதீர்கள். பென்சில் பருமனுள்ளவற்றை ஒரு சாண் நீளத்திற்கு நறுக்கி, ஈர மணலும் தென்னை நார்க்கழிவும் கலந்த தொட்டியில், இரண்டு கணுக்கள் உள்ளே போகுமாறு ஊன்றி நிழலில் வையுங்கள். ஒன்று இறந்தாலும் ஒன்று துளிர்க்கும். அவற்றில் ஒன்றைப் புதிதாக ஊரிலிருந்து வந்திருக்கும் குடும்பத்திற்குக் கொடுங்கள். டப்பாவில் துவாரம் போடும்படி மறவாமல் சொல்லுங்கள்.

மற்றொன்றை அடுத்த கோடை வரை பாதுகாத்து வையுங்கள். ஊருக்குப் புறப்படும் நாளில், ஈரத்துணியில் சுற்றிப் பெட்டியின் மேலே நசுங்காமல் வைத்து, பெரிய நிலையங்களில் நனைத்து நனைத்துக் கொண்டுபோய், அம்மாவின் முற்றத்தில் நட்டுவிட்டு வாருங்கள். பம்பாயில் வேர்பிடித்த செடி இது என்று அவர்களிடம் சொல்லுங்கள்.